ராணுவம் உங்களை விசாரித்ததா

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் நவம்பர் மாதத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு சட்டம் நடந்தது. வீடு என்றால் நியூ ஜெர்சியில் எடிசன் ரயில் நிலையத்துக்கு அருகில், மாடியில், இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். அதில் என் கணவர் அமெரிக்கக் குடிமகன். நான் கிரீன் கார்டு. அந்த வருஷக் கோடையில்தான் அவர் கையை உயர்த்திச் சத்தியம் செய்து, சின்னக் கொடி ஒன்றைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே என்னையும் விண்ணப்பிக்கச் சொன்னார். நான் தட்டிக் கழித்தேன். இந்திய பாஸ்போர்ட் மேல் பெரிய பாசம் என்றெல்லாம் இல்லை. ஒரு அரசாங்கம் எதையாவது தருகிறேன் என்று கூப்பிட்டால், எதற்குத் தருகிறான் என்று யோசிக்கிற ஆள் நான். பிறவிக் குணம்.

நவம்பர் நடுவில் அதிபர் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பயங்கரவாதத்தோடு தொடர்பு இருப்பதாக அவர் நம்பக் காரணம் இருந்தால் போதும், குடிமகன் அல்லாத எவரையும் பிடித்து ராணுவ அதிகாரிகள் முன்னால் நிறுத்தலாம். அவர்களே நீதிபதிகள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் குற்றவாளி என்றால் குற்றவாளி. அதற்கு மேல் வேறு எந்தக் கோர்ட்டின் கதவையும் தட்டக் கூடாது. செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். 'குடிமகன் அல்லாத' என்ற இடம் வந்ததும் தலையைத் தூக்கி எதிரில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்தேன்.

"இனிமே உங்கள ஜட்ஜ் விசாரிப்பாரு, என்னை மேஜர் விசாரிப்பாரு" என்றேன்.

"பாவம் அந்த மேஜர்" என்றார் அவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் உட்கார்ந்துவிட்டது. காரணம், எங்கள் எதிர் வீட்டுக் கதவு.

எதிர் வீட்டில் இருந்தது ஓர் இலங்கைத் தமிழ்த் தம்பதி. அவர் சிவில் இன்ஜினியர். பாலங்களைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனி ஒன்றில் வேலை. அவருடைய மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தாள். என்னை அக்கா என்பாள். மூன்று வருஷம் எதிரும் புதிருமாக இருந்தும் அவர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதே என் சந்தேகத்துக்குத் தீனி. ஜன்னல் திரை பகலிலும் மூடியே இருக்கும். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்கு. ஊர் எது என்று கேட்டால் அவர் ஒரு நாள் கொழும்பு என்பார், இன்னொரு நாள் யாழ்ப்பாணம் என்பார். அவருடைய வலது பக்கம் நின்று பேசினால் பதில் வராது. திமிர் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று என் கணவரிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். அடுத்த வீட்டு விஷயம் என்றால் உனக்குக் காது நீண்டுவிடும் என்பார் அவர்.

எதிர் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனது அக்டோபரில், அதாவது அந்த உத்தரவு வருவதற்கு முன்னால். பாலம் சோதிக்கிறவன் பாலத்தை போட்டோ எடுக்கத்தானே செய்வான். ஆனால் அது நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். கறுத்த, மீசை வைத்த ஒருவர் பாலத்துக்கு அடியில் நின்று ஒவ்வொரு தூணாகப் படம் எடுக்கிறார் என்று காரில் போன யாரோ போன் செய்துவிட்டார்கள். முதலில் போலீஸ் வந்தது. கம்பெனிக்காரர்கள் அவர் எங்கள் ஆள்தான் என்று சொன்ன பிறகும் விடவில்லை. அடைக்கலம் கேட்டு அவர் கொடுத்த மனு வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார், அதுவும் திரும்பி வரவில்லை. அது போதும் என்று குடியேற்றத் துறை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் கதவைத் தட்டினாள். கிளினிக் யூனிபார்மை மாற்றக்கூட இல்லை.

"அக்கா, அவரைக் கொண்டு போட்டினம்" என்றாள்.

யார், எங்கே, எதற்கு என்று நான் அடுக்கினேன். அவள் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டீ போட அடுப்படிக்குப் போனபோது என் மனசில் முதலில் ஓடியது இரக்கம் இல்லை. ஒருவேளை உண்மையாகவே ஏதாவது செய்திருப்பாரோ என்பதுதான். புலிகளைத் தடை செய்யப்பட்ட இயக்கம் என்று அமெரிக்கா அறிவித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. மூடிய திரையும் மாறி மாறிச் சொன்ன ஊரும் சேர்ந்துகொண்டு கண் முன்னால் வந்தன. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அவள் போன பிறகு என் கணவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், இதில் நாம் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று. அவர் கெட்டவர் இல்லை. தினமும் ரயிலில் மன்ஹாட்டன் போய் வருகிறவர், கோபுரங்கள் விழுந்த அன்று அந்தப் புகையை மூச்சில் இழுத்துக்கொண்டு நடந்து வந்தவர். அந்த வாரங்களில் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கொடி விற்றார்கள். வாங்காமல் வந்தால் பின்னால் இருப்பவர் பார்ப்பார். நானும் வாங்கிக் கார் ஜன்னலில் சொருகினேன். என்ன செய்ய, பயந்தவர்கள் எல்லாம் பக்தர்கள் ஆகிவிட்டோம்.

எதிர் வீட்டுக்காரரை வட ஜெர்சியில் ஒரு கவுண்டி ஜெயிலில், அதாவது மாவட்டச் சிறையில், வைத்திருந்தார்கள். வழக்கு பக்கத்து நகரமான நூவர்க்கில், குடியேற்ற நீதிமன்றத்தில். நீதிமன்றம் என்று பெயர்தான், கதவைச் சாத்திவிட்டார்கள். மனைவியைக்கூட உள்ளே விடவில்லை. வழக்குப் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லையாம். அவருக்கு இலவசமாக வாதாட ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். நரைத்த முடியைக் கட்டாமல் விட்டுக்கொண்டு, ஒரு தோள்பையில் கோப்புகளைத் திணித்துக்கொண்டு அலைகிறவர். இலவசம் என்றதும் எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது. யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கும்படி எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் பரிதாபமாக என்னைப் பார்த்தாள்.

பிறகுதான் நவம்பரில் அந்த உத்தரவு வந்தது. நான் மேஜர் ஜோக் அடித்துச் சிரித்த இரண்டு நாளில் வக்கீல் அம்மாள் எதிர் வீட்டுக்கு போன் செய்தார். மாதத் தொடக்கத்தில் நடந்த வழக்கு நாளில் உங்கள் கணவர் சொன்ன ஒரு பதில் எனக்கு இடிக்கிறது, அதைப் பதிவு செய்த கேசட் கிடைத்திருக்கிறது, தமிழ் தெரிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றாராம். அவளுக்குத் தெரிந்த குடும்பத்தைச் சேராத தமிழ் ஆள் என்றால் நான்தான். என் சாப்ட்வேர் கம்பெனி அந்த வசந்தத்திலேயே என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. வேலை இருக்கிறது என்ற சாக்கும் சொல்ல முடியாது.

என் கணவர் வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்று சொன்ன விதத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு இன்னும் சிட்டிசன்ஷிப் வரல, ஞாபகம் வச்சுக்கோ" என்றார். அதாவது, அவர் போகலாம், நான் போகக் கூடாது. அப்படியானால் நீங்கள் போங்கள் என்றேன். அவர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். நான் போனேன்.

நூவர்க்கில் அந்த வக்கீலின் அலுவலகம் ஒரு டோனட் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் சர்க்கரை வாசனை. கேசட்டைப் போடும் முன் நான் அவரைக் கேள்வி கேட்டேன். யார் பக்கம் இவர் என்று தெரியாமல் எதையும் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை. பாலத்தைப் படம் எடுத்த ஆளுக்கு விசா தகராறு. அதற்கும் ராணுவ நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உத்தரவில் 'சர்வதேச பயங்கரவாதம்' என்று அகலமாக எழுதியிருக்கிறது. யார் அதற்குள் வருவார் என்று தீர்மானிப்பது அதிபர் ஒருவர்தான். அவருக்காகப் பட்டியல் தயாரிக்கிறவர்கள் எங்கே தேடுவார்கள்? ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பவர்களின் வழக்குப் பதிவுகளில்தான் தேடுவார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடைய பதிவில், அவருடைய நாட்டு ராணுவம் அவர் மேல் வழக்கு நடத்தியது, அவர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார் என்று இருக்கிறது. அவர் தானே ஒப்புக்கொண்டதாக இருக்கிறது.

அப்போ நான் நினைத்தது சரிதானா என்ற எண்ணம் வந்தது. சரியாக இருக்கக் கூடாதே என்றும் வந்தது.

அப்படி ஒரு அதிபர் நினைத்தால் யாரையும் தூக்கிக்கொடுத்துவிட முடியுமா, தடுக்க ஆளே இல்லையா என்று கேட்டேன். முடியாது என்பதுதான் என் கட்சி என்றார். அதிபர் படைக்குத்தான் தளபதி, இந்த நாட்டில் வாழ்கிற ஜனங்களுக்குத் தளபதி இல்லை. புதிய நீதிமன்றத்தை உண்டாக்குவது, அதற்கு விதி எழுதுவது எல்லாம் காங்கிரஸின், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தின் வேலை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஊரில் சாதாரண நீதிமன்றம் திறந்திருக்கும்போது சாதாரண மனிதனை ராணுவம் விசாரிக்கக் கூடாது என்று. இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர்கள் முகம் அப்படி இருக்கும்.

"அதுக்கப்புறம் அந்த மாதிரி நடக்கவே இல்லையா?" என்று நூல் விட்டுப் பார்த்தேன்.

வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் நாச வேலைக்கு வந்த எதிரி நாட்டு ஆட்களை அப்படி விசாரித்ததை அதே நீதிமன்றம் சரி என்றது என்று ஒப்புக்கொண்டார். இப்போது அரசாங்கம் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்தத் தீர்ப்பைத்தானாம். ஆனால் அது காங்கிரஸ் அறிவித்த போர், அவர்கள் எதிரிப் படையின் ஆட்கள் என்று எல்லை போட்டார். எப்படியும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிபதி கேட்கிற உரிமையை ஓர் உத்தரவால் பிடுங்க முடியாது என்றார்.

அதைத்தான் தமிழில் ஆட்கொணர்வு மனு என்போம். எமர்ஜென்சியின்போது நான் சென்னையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் தெருவில் ஒரு வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். அவர் வீட்டு வாசலில் பேச்சுக் கொடுக்கவே ஆட்கள் பயந்தார்கள். ஆட்கொணர்வு மனு போடலாம் என்று என் அப்பா எல்லோருக்கும் தைரியம் சொன்னார். சட்டம் தெரிந்தவர் அவர், சட்டத்தை நம்பியவர். கடைசியில் நாட்டின் உச்ச நீதிமன்றமே, நெருக்கடி நிலையில் அந்த மனுவுக்கு இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பா அன்றைக்குப் பேப்பரை மடித்து அலமாரி மேல் வைத்தார். அதிலிருந்து சட்டத்துக்கு எல்லை இருக்கிறது என்று யார் சொன்னாலும், அந்த எல்லையில் யார் காவலுக்கு நிற்கிறார்கள் என்று கேட்கிற பழக்கம் எனக்கு. வக்கீல் அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இங்கேயும் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பொய் சொல்லாத ஆள் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

கேசட்டைப் போட்டார்.

எதிர் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் பழைய கதையைச் சொல்லும்போது அவருக்கு இங்கிலீஷ் நின்றுவிடுமாம். அதனால் வக்கீலே மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தார். நீதிமன்றம் போனில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தது. எங்கேயோ கலிபோர்னியா பக்கம் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற ஆள் போலிருந்தது, பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் குரல், தமிழ்நாட்டுத் தமிழ்.

அரசு வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் நாட்டு ராணுவம் உங்கள் மேல் ட்ரயல் நடத்தியதா?

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "மிலிட்டரி உங்கள விசாரணை பண்ணாங்களா?"

பிறகு எதிர் வீட்டுக்காரரின் குரல்: "ஓம். விசாரணை நடந்தது. ரெண்டு மாசம்."

அது ஆங்கிலத்தில், ஆமாம், ட்ரயல் நடந்தது, இரண்டு மாதம் நடந்தது என்று போனது. முடிவு என்ன என்று அரசு வக்கீல் கேட்டார். "கையெழுத்து வாங்கிப்போட்டு என்னை விட்டவை" என்றார் அவர். ஒப்புதல் வாக்குமூலமா என்ற கேள்வி வந்தது. "ஓம், அப்பிடித்தான் சொன்னவை. சிங்களத்தில இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது." இந்தக் கடைசி வாக்கியம் ஆங்கிலத்துக்குப் போகவே இல்லை. அதற்குள் அரசு வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்.

நான் கேசட்டை நிறுத்தச் சொன்னேன். இந்த ஆள் விசாரணை என்று சொன்னது ட்ரயல் இல்லை என்றேன். பின்னே என்ன என்றார் வக்கீல். அதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்து எதிர்க் கதவைத் தட்டினேன்.

அவள் ஜன்னல் திரை சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். கலியாணத்துக்கு முந்திய கதை. அவர் வெளிநாடு போவதற்காகக் கொழும்பில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தபோது, யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று அங்கிருந்த எல்லோரையும் சுற்றிவளைத்துப் பிடித்திருக்கிறார்கள். ராணுவ முகாம் ஒன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"பின்னேரத்தில வந்து விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போவினமாம். அதுக்குப் பிறகு அவருக்கு வலது காது கேக்கிறேல்ல" என்றாள்.

கோர்ட் உண்டா, நீதிபதி உண்டா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஒரு நீதிபதியைக் கண்ணில் காட்டுங்கோ என்று அவர் அங்கே கேட்டாராம். அதற்கும் அடி விழுந்ததாம்.

கொழும்பும் யாழ்ப்பாணமும் இரண்டுமே உண்மை. திமிர் என்று நான் நினைத்தது செவிட்டுக் காது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்த மனிதர் ஒரு ட்ரயலுக்காக ஏங்கியவர். அது ஒரு நாளும் கிடைக்காத அவருக்கு, அது நடந்து முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது என்று அமெரிக்காவில் எழுதி வைத்துவிட்டார்கள். நம் ஆட்கள் இரண்டு பேர், ஒரே பாஷை, ஒரே சொல். மொழிபெயர்ப்பாளருக்கு விசாரணை என்றால் கறுப்புக் கோட்டும் சாட்சிக் கூண்டும். எதிர் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லில் கோர்ட்டே கிடையாது. இதை வெள்ளைக்கார நீதிபதிக்கு எப்படிப் புரிய வைப்பது?

வக்கீல் அம்மாள் பதிவைத் திருத்தக் கேட்டு மனு போட்டார். நான் சாட்சி. டிசம்பரில் கூப்பிட்டார்கள். என் கணவர் லீவு போட்டுக் காரில் கொண்டுவந்து விட்டார். அவர் குடிமகன்தான் என்றாலும் அவரையும் உள்ளே விடவில்லை. அவரும் எதிர் வீட்டுக்காரரின் மனைவியும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காவலர் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஆரஞ்சு நிறச் சட்டையில் அவர் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை. இந்த முறை அவர் பக்கத்தில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் நேரிலேயே உட்கார்ந்திருந்தார். நீதிபதி வயதானவர், சளி பிடித்திருந்தது. கேசட்டை ஓட விட்டார். பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார்.

எல்லாப் பொருளும் உண்டு என்றேன். கோர்ட்டில் நடந்தாலும் அதுதான், போலீஸ் அடித்துக் கேட்டாலும் அதுதான், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாலும் அதுதான். அப்படியானால் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அது ட்ரயலா இல்லையா என்று தமிழர்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றார் நீதிபதி. கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"யார் விசாரிச்சாங்கன்னு பார்ப்போம்" என்று எனக்குள் தமிழில் வந்தது. அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். "ராணுவம் விசாரித்தால், எங்கள் பாஷையில் அதை யாரும் ட்ரயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஐயா."

நான் குறிப்பாக எந்த நாட்டு ராணுவத்தையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அரசு வக்கீலின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் நீதிபதி கேட்டபோது அவரும் சாட்சி சொன்னது சரி என்றார்.

அரசு வக்கீல் எழுந்தார். சின்ன வயது, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. மொழி பற்றி எதுவும் கேட்கவில்லை. என் முழுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முகவரி கேட்டார். சொன்னேன். பிறகு, நீங்கள் அமெரிக்கக் குடிமகளா என்றார்.

இல்லை என்றேன்.

வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வக்கீல் அம்மாள் ஆட்சேபம் சொல்ல எழுந்தார். கேள்விதான் முடிந்துவிட்டதே என்றார் நீதிபதி. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பதிவில் ட்ரயல் என்று உள்ள இடங்களை இன்டராகேஷன், அதாவது பிடித்துவைத்துக் கேட்டது, என்று திருத்தச் சொன்னார். கையெழுத்து வாங்கிய காகிதம் எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியாத பாஷையில் இருந்தது என்பதையும் சேர்க்கச் சொன்னார். அவரை வெளியே விடவும் உத்தரவு போட்டார்.

அதோடு முடியவில்லை. நீதிபதி விடு என்றாலும் அரசு நினைத்தால் மேல்முறையீடு என்று சொல்லி ஆளை உள்ளேயே வைத்திருக்கலாம் என்று புது விதி ஒன்று அந்த இலையுதிர் காலத்தில்தான் வந்திருந்தது. அதையும் வக்கீல் அம்மாள்தான் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. நீதிபதியின் பேச்சுக்கே இந்த மதிப்பு என்றால் உங்கள் உள்நாட்டுப் போர்த் தீர்ப்பு எந்த மூலைக்கு என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார் பாவம். எதிர் வீட்டுப் பெண் தினமும் கிளினிக்கிலிருந்து வந்ததும் என்னிடம் வந்து உட்காருவாள். போன் அடித்தால் இரண்டு பேரும் அதையே பார்ப்போம், எடுக்கத் தயங்குவோம். என் போனில் அந்த நாட்களில் ஒரு கிளிக் சத்தம் கேட்டது. பழைய போன், அப்படித்தான் இருக்கும் என்றார் என் கணவர். இருக்கலாம்.

அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஜெயிலிலிருந்து தகவல் வந்தது. அடைக்கல வழக்கு அப்படியே நிற்கிறது. ஆள் மட்டும் வெளியே. நான்தான் கார் ஓட்டினேன். அவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு பின்கதவு வழியாக வந்தார். பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த அதே மெல்லிய சட்டை. வெளியே பனி. அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டுப் பின் சீட்டில் அவரோடு உட்கார்ந்தாள்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறினேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு சொல்லைத் திருத்தி ஒரு மனிதரை வெளியே கொண்டுவந்திருக்கிறேன். அவர் நன்றி சொல்வார், அதற்கு இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முன்னால் குனிந்தார். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்டைக்குக் கோர்ட்டில அந்த அரசாங்க வக்கீல் உங்கட பேரையும் விலாசத்தையும் கேட்டு எழுதினவன், என்ன?"

ஆமாம், அது வழக்கம்தானே, எல்லாச் சாட்சியிடமும் கேட்பார்கள் என்றேன்.

அவர் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வந்திருக்கக் கூடாது, அக்கா" என்றார்.

அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் சந்தேகம்தான். பயம் அப்போதுதான் வந்தது.